வறண்ட என்பது வினைச்சொல்

1

லத்தீனில் ‘ஆரேரெ’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. காய்ந்து கிடத்தல் என்று பொருள். அதன் வாலை நறுக்கிவிட்டு ‘-இதுஸ்’ என்ற விகுதியை ஒட்டினால் ‘ஆரிதுஸ்’. வினை போய்ப் பெயரடை வந்துவிடும். அதுதான் ஆங்கிலத்தில் ‘அரிட்’. புவியியல் பாடத்திலும் வேளாண் அறிக்கைகளிலும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு முன்னால் ‘செமி அரிட்’ என்று வந்து உட்காருவது இந்தச் சொல்தான்.

இதே விகுதி வேறு பல வினைகளிலும் ஒட்டியது. ‘திமேரெ’ என்றால் பயப்படுதல், ‘திமிதுஸ்’ என்றால் பயந்த சுபாவம். ‘ரபெரெ’ என்றால் பறித்துக்கொள்ளுதல், ‘ரபிதுஸ்’ என்றால் படுவேகமான. ‘ஃப்ளுவெரெ’ ஓடுதல், ‘ஃப்ளுயிதுஸ்’ ஓடும் தன்மையுள்ள. டிமிட், ராபிட், ஃப்ளூயிட் என்று நாம் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் இப்படித்தான் பிறந்தன.

இந்த விகுதி என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். வினைச்சொல் என்றால் அதற்குள் யார், எப்போது என்ற இரண்டும் இருக்கும். ‘பயந்தான்’ என்றால் ஒருவன் ஒருநாள் எதற்கோ பயந்தான். விகுதி வந்ததும் அந்த ஒருநாளும் அந்த எதற்கோவும் உதிர்ந்துவிடுகின்றன. ‘டிமிட்’ ஆன ஆளிடம் எப்போ பயந்தீங்க, எதைக் கண்டு பயந்தீங்க என்று கேட்க வழியில்லை. அவர் அப்படித்தான். நடந்த ஒன்று, இருக்கும் ஒன்றாக மாறிவிடுகிறது. ஒரு சம்பவம் குணமாகிவிடுகிறது.

தமிழில் இதே இடத்தில் நாம் போடும் சொல் ‘வறண்ட’. பள்ளிக்கூட இலக்கணத்தில் பெயரெச்சம் என்று படித்தோமே, அது. வறள் என்ற வினை, இறந்தகாலம் காட்டும் ஓர் இடைநிலை, கடைசியில் ஓர் அகரம். காலத்தை மடியில் கட்டிக்கொண்டே பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறது. ‘வறண்ட நிலம்’ என்று ஒருவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் ‘எப்ப இருந்து?’ என்று கேட்கலாம். அது கோணல் கேள்வி ஆகாது, இலக்கணம் அனுமதிக்கும் கேள்விதான். ‘அரிட்’ நிலத்தைப் பார்த்து அப்படிக் கேட்க முடியாது.

இது வெறும் இலக்கண விளையாட்டு என்று தோன்றலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். லண்டனில் வருஷத்துக்குப் பெய்வது 600 மில்லிமீட்டர் அளவுதான். லண்டனை யாரும் வறண்ட ஊர் என்பதில்லை. வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அங்கே வருஷம் பூராவும் சிணுங்கிக்கொண்டே இருக்கும் மழை. இங்கே அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிச் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும், மிச்ச மாதங்களில் வெயில் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் இந்த நிலத்தில் கண்மாய் வெட்டினார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் கம்மாய். குண்டாற்றில் சில நாள் மட்டும் ஓடுகிற வெள்ளத்தையும், காட்டு ஓடைகளில் வரும் தண்ணீரையும் மறித்து வைத்து மாசக்கணக்கில் செலவு செய்கிற ஏற்பாடு.

கம்மாய் பெருகிய வருஷம் இது வறண்ட நிலம் கிடையாது. வரத்துக்கால் அடைபட்டு, கம்மாய் தூர்ந்து, சீமைக்கருவேலம் உள்ளே ஏறிய பிறகு வறண்ட நிலம். வானம் பொய்த்த வருஷமும் அப்படித்தான். இங்கே வறட்சி என்பது வந்து போகிற, சிலசமயம் கொண்டுவரப்படுகிற ஒரு நிகழ்ச்சி. தமிழ்ச்சொல் அந்த ஞாபகத்தை வைத்திருக்கிறது. லத்தீன் விகுதி அதைத் துடைத்துவிடுகிறது.

என் கட்சி இதுதான்: கரிசல் நிலத்தைப் பற்றி எழுதப்பட்டதில் எது நல்ல எழுத்து, எது சோம்பலான எழுத்து என்று பிரிக்க, அதன் பெயரெச்சங்களைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

2

லத்தீன் மேல் பழி போட்டுவிட்டு ஓடக்கூடாது. வினையைப் பெயரடையாக்க அந்த மொழியில் ஒரு பட்டறையே இருக்கிறது. ‘-ஆக்ஸ்’ என்பது ஒன்றைச் செய்துகொண்டே இருக்கும் சுபாவத்தைக் காட்டும், பெரும்பாலும் கொஞ்சம் கண்டனத்தோடு. ‘லொக்வாக்ஸ்’ என்றால் வாயாடி, ‘ரபாக்ஸ்’ என்றால் பறிப்பதே தொழிலானவன். ‘-பிலிஸ்’ என்பது செய்யப்படக்கூடியதைக் காட்டும். ஆங்கிலத்தில் ‘-ஏபிள்’, ‘-இபிள்’ என்று முடிகிற கூட்டமெல்லாம் இதன் வாரிசு. ‘-உலுஸ்’ என்பது ஒன்றை எளிதில் செய்துவிடுபவரைக் காட்டும்.

‘க்ரேதெரெ’, அதாவது நம்புதல் என்ற ஒரே வினையிலிருந்து இரண்டு பெயரடைகள் வருகின்றன. ‘க்ரேதுலுஸ்’ என்றால் எதையும் நம்பிவிடுகிறவன். ‘க்ரேதிபிலிஸ்’ என்றால் நம்பத்தகுந்தது. வினையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறாய், செய்கிற பக்கமா செய்யப்படுகிற பக்கமா என்பதை விகுதியே சொல்லிவிடும். நேர்த்தியான ஏற்பாடு. கூடவே, காலம் காட்டும் எச்சங்களும் லத்தீனில் உண்டு. ‘ஃப்யூச்சர்’ என்ற சொல்லே, ‘இருக்கப்போகிற’ என்ற பொருளில் இருந்த ஒரு லத்தீன் எச்சத்திலிருந்து வந்ததுதான்.

தமிழ்ப் பெயரெச்சம் வேறு வழியில் போகிறது. அது காலத்தை வைத்துக்கொள்கிறது, செய்தது யார் என்பதைக் கேட்பவர் கையில் விட்டுவிடுகிறது. நன்னூல் இதைத் தெளிவாக வரையறுக்கிறது. பெயரெச்சத்தில் காலமும் செயலும் தெரியும், பால் தெரியாது, ஆறு வகைப் பெயர்களில் எதை வேண்டுமானாலும் அது தழுவி முடியும். எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எடுத்துக்கொள்வோம். விதைச்ச ஆளு, விதைச்ச கை, விதைச்ச காடு, விதைச்ச நாளு, விதைச்ச கம்பு, விதைச்ச விதைப்பு. செய்பவர், கருவி, இடம், காலம், செயப்படுபொருள், செயல் என்று ஆறும் ‘விதைச்ச’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரு விகுதிகூட மாறவில்லை. ஆளும் நிலமும் நாளும் தானியமும் ஒரே வினையில் கட்டப்பட்டிருக்கின்றன. (கரிசலில் காடு என்றால் மரங்கள் அடர்ந்த வனம் இல்லை, மானாவாரி வயல். வெளியூர் வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும். பின்னால் தேவைப்படும்.)

லத்தீன் படித்துவிட்டு இங்கே வந்த ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பேன். வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் பெஸ்கி 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். கரிசல் பூமியான காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்தவர். பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. அவருடைய மொழியில் ‘நேற்று வந்த ஆள்’ என்று சொல்ல ‘க்வி’, ‘க்வே’, ‘க்வொத்’ என்ற இணைப்புச் சொற்களில் ஒன்று வேண்டும். தமிழில் அப்படி எதுவும் வேண்டாம். வினையே நேராகப் பெயரின் தோளில் கைபோட்டுக்கொள்ளும். பின்னால் 1856-ல் வெளிவந்த தன் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதைத் திராவிட மொழிகளின் அடையாளக் குறிகளில் ஒன்றாகவே எடுத்துச் சொன்னார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கலும் உண்டு. ‘நம்பின ஆள்’ என்றால் நம்பியவரா, நம்பப்பட்டவரா? ‘ஊரை நம்பின ஆள்’ என்றால் அவர் நம்பியவர். ‘நான் நம்பின ஆளே கைவிட்டுட்டாரு’ என்றால் நம்பப்பட்டவர். லத்தீனுக்கு இரண்டு விகுதி தேவைப்பட்ட இடத்தில் தமிழுக்கு ஒரே சொல், ஆனால் சூழ்நிலை தெரிந்த ஒரு சாட்சி வேண்டும். ‘புலி கொன்ற யானை’ என்ற தொடரில் எது எதைக் கொன்றது என்ற மயக்கத்தைப் பழைய உரைகாரர்களே பேசியிருக்கிறார்கள்.

இப்போது எங்கள் நிலத்தின் பெயருக்கு வருவோம்: வானம் பார்த்த பூமி. பூமி வானத்தைப் பார்த்ததா, வானம் பூமியைப் பார்த்ததா? வழக்கத்தில் முதல் பொருள்தான். ஆனால் இலக்கணம் இரண்டுக்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. மழை தவறிய வருஷம் பூமி வானத்தைப் பார்க்கிறது. கம்மாய் மறுகால் போகிற வருஷம் வானம் பூமியைப் பார்த்துவிட்டது. இந்தத் தொடரை உண்டாக்கியவர் யாரோ தெரியாது. இதைவிடச் சிறந்த ஒரு பெயரடை இந்த நிலத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

3

இந்த வட்டாரத்துக்கு மற்றவர்கள் வைத்த அடைமொழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு சின்ன வரலாறே கிடைக்கிறது.

முதலாவது, ‘தண்ணியில்லாத காடு’. அதிகாரிகளை மிரட்டுவதற்கென்றே உண்டான தொடர். ‘தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திப்புடுவேன்’ என்று சினிமாவில் எத்தனை தடவை கேட்டிருப்போம். பழைய ராமநாதபுரம் மாவட்டம்தான் அந்தக் காடு. 1985-ல் பிரிந்து விருதுநகர் மாவட்டமாக ஆகும்வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதற்குள்தான் இருந்தன. இலக்கணப்படி ‘இல்லாத’ என்பது எதிர்மறைக் குறிப்புப் பெயரெச்சம். வெளிப்படையாக அது காலம் காட்டாது. ஊர்க்காரர்கள் சொன்ன ‘பார்த்த’ காலம் காட்டுகிறது, வெளியார் சொன்ன ‘இல்லாத’ காட்டுவதில்லை. நேற்று இருந்தது, நாளை வரலாம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. தமிழில் லத்தீன் விகுதிக்கு மிக நெருக்கமாக வருவது இந்த ‘இல்லாத’தான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மிரட்டுகிறவர் வாயில் காடு என்றால் வனாந்தரம். இங்கே காடு என்றால் ஒருத்தர் உழுது விதைத்த நிலம்.

இரண்டாவது, ‘பின்தங்கிய மாவட்டம்’. இதில் இறந்தகாலம் இருக்கிறது. ஆனால் வினையைப் பாருங்கள், ‘தங்கிய’. தங்கியது யார்? மாவட்டமேதான். எல்லாரும் முன்னே போகும்போது இது மட்டும் சோம்பேறித்தனமாகப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்ட மாதிரி.

மூன்றாவது, 2018 ஜனவரியில் வந்தது. மத்திய அரசு நாடு முழுவதும் நூற்றுச் சொச்சம் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ‘ஆஸ்பிரேஷனல்’ மாவட்டங்கள் என்று பெயரிட்டது. தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: விருதுநகரும் ராமநாதபுரமும். ‘ஆஸ்பிரேஷனல்’ அசல் லத்தீன் சரக்கு. ‘ஸ்பிராரெ’ என்றால் மூச்சுவிடுதல். ஒன்றை நோக்கி மூச்சுவிடுதல் என்பது ஏங்குதல் ஆகி, அதன்மேல் ஒரு பெயர் விகுதியும் அதன்மேல் ஒரு பெயரடை விகுதியும் ஏறி உட்கார்ந்த சொல். பின்தங்கிய என்பதைவிடக் கௌரவமாக இருக்கட்டும் என்றுதான் அதைப் போட்டிருப்பார்கள்.

ஆனால் தமிழில் எழுதும்போது விகுதி கைகொடுக்கவில்லை, வினைக்குத்தான் போகவேண்டியிருந்தது: ‘முன்னேற விழையும் மாவட்டம்’. அங்கேதான் குட்டு உடைகிறது. விழையும் என்றதும் யார் விழைவது, எப்போதிலிருந்து என்ற கேள்விகள் எழுந்துவிடுகின்றன. இதுவரை விழையவில்லையா? விருதுநகர் வியாபாரியும் அருப்புக்கோட்டை நெசவாளியும் சிவகாசித் தொழிலாளியும் இத்தனை காலம் விழையாமலா இருந்தார்கள்? மழைக்காகவும், அதற்கு முன்னால் கம்மாயைத் தூர்வார ஒரு வழிக்காகவும் தலைமுறைகளாக விழைந்துகொண்டிருந்த ஊர்கள் இவை. ஆங்கிலத்தில் நயமாக ஒலித்த சொல், தமிழ் வினைக்குள் வந்ததும் உள்ளே இருப்பதைக் காட்டிவிடுகிறது.

இதில் இன்னொரு விஷயமும் என்னை உறுத்துகிறது. மனிதர்களைக் குறிக்கும் சொற்களில் இருபதாம் நூற்றாண்டு அரசியல் தமிழ் ஒரு பெரிய காரியம் செய்தது. ‘தாழ்ந்த’ என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் ‘தாழ்த்தப்பட்ட’ வந்தது. ‘பின்தங்கிய’ என்ற இடத்தில் ‘பிற்படுத்தப்பட்ட’ வந்தது. தாழ்ந்த என்றால் தானாகத் தாழ்ந்தது. தாழ்த்தப்பட்ட என்றால் யாரோ தாழ்த்தியிருக்கிறார்கள். அவர் பெயர் சொல்லப்படவில்லை, ஆனால் அவருக்கான நாற்காலி வாக்கியத்திற்குள் போடப்பட்டுவிட்டது. காலனிய அரசு ‘டிப்ரஸ்டு கிளாசஸ்’ என்றபோதும் உள்ளே இருந்தது, அழுத்தப்பட்ட என்ற பொருளுடைய லத்தீன் எச்சம்தான். வினையை மறைக்காத பெயரடை அது. நீதி கேட்கும் மொழிக்கு விகுதியைவிட எச்சம்தான் உதவியிருக்கிறது.

மனிதர்களுக்குக் கிடைத்த இந்தப் ‘படுத்தப்பட்ட’ நிலத்துக்குக் கிடைக்கவே இல்லை. பிற்படுத்தப்பட்ட மக்கள் என்று சொல்வோம். பிற்படுத்தப்பட்ட மாவட்டம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நிலம் இன்னும் தானாகத்தான் பின்தங்கிக்கொண்டிருக்கிறது.

4

அந்தச் சொல்லை அரசாங்கம் கொடுக்கவில்லை. கரிசல் நாவல்கள் கொடுத்திருக்கின்றன என்று நான் வாசிக்கிறேன். வட்டாரச் சொற்களுக்காகவும் மண்வாசனைக்காகவும் மட்டும் இவற்றைப் பாராட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. கி.ராஜநாராயணன் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்ததால் அந்தப் பழக்கம் வலுத்திருக்கலாம். ஆனால் அவருடைய ‘கதவு’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழை வீடு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, அது ஒரு குணம். கதை அதைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கதவு போன வீட்டில் அப்புறம் நடப்பதுதான் கதை. வறுமை இங்கே ஒரு நாளில், ஒரு கையால், ஒரு கணக்கின் பேரில் நடக்கிறது. பெயரடையை வினையாகத் திரும்பப் பிரித்துக் காட்டுகிற கதை.

சோ.தர்மனின் ‘சூல்’ (2016) இதை ஒரு கம்மாய்க்குச் செய்கிறது. உருளைக்குடிக் கம்மாய் கோவில்பட்டிப் பக்கம், எங்கள் வட்டாரத்துக்குத் தெற்கே. மண் ஒன்றுதான், கம்மாயின் கதையும் ஒன்றுதான். வறண்ட ஊர் என்று ஒரே வரியில் கடந்துபோயிருக்கலாம். நாவல் அந்தக் கம்மாயை யார் காத்தார்கள், எந்த முறையில் தண்ணீர் பாய்ந்தது, ஊர் தானே செய்துகொண்ட ஏற்பாடு எப்படிக் கைமாறி உடைந்தது என்று சொல்லிக்கொண்டே போகிறது. முடிக்கும்போது ‘தூர்ந்த கம்மாய்’ என்ற தொடர் நம் மனதில் வேறொன்றாக மாறியிருக்கும். தூர விட்ட கம்மாய். விட்டது யார் என்பதும் தெரிந்திருக்கும். 2019-க்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது சூழலியல் நாவல் என்று எழுதினார்கள். சரிதான். எனக்கு அது ஒரு பெயரடையின் சரித்திரமாகவும் படுகிறது.

பூமணியின் ‘வெக்கை’ (1982) இன்னும் கூர்மை. ஒரு பையன் ஒரு கொலை செய்துவிட்டு அப்பனோடு காடுமேடாக ஒளிந்து திரிகிறான். கொலைகாரன் என்பது பெயர். லத்தீனின் ‘-ஆக்ஸ்’ மாதிரி, அதுவே அவன் சுபாவம் என்று சொல்லிவிடும் சொல். நாவலில் அந்தப் பெயருக்குள் அவனை அடைக்க முடிவதில்லை. அவன் வெட்டிய பையன், அவ்வளவுதான். வெட்டிய என்பதற்கு ஒரு முன்கதை உண்டு: வெட்டப்பட்ட அண்ணன், பறிக்கப் பார்த்த நிலம். ‘அசுரன்’ (2019) படமாக மட்டும் அறிந்தவர்கள் நாவலை எடுத்துப் படித்தால், அது எவ்வளவு குறைவாகத் தீர்ப்புச் சொல்கிறது என்று ஆச்சரியப்படுவார்கள்.

இங்கே ஒரு சட்டத்தையும் ஞாபகப்படுத்தவேண்டும். 1871-ல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டம். ஆங்கிலத்தில் ‘கிரிமினல் ட்ரைப்ஸ்’. கிரிமினல் என்பதும் குற்றம் என்ற லத்தீன் பெயர்ச்சொல்லில் விகுதி ஒட்டி வந்ததுதான். ‘குற்றம் செய்த’ என்று ஒரு சமூகத்தையே சொல்லிவிட முடியாது. எவன் செய்தான், எந்த நாள், சாட்சி யார் என்று கேட்பார்கள். ‘கிரிமினல்’ என்று சொல்லிவிட்டால் கேட்கமாட்டார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அந்த அடைமொழி பொருந்தும். ஒரு பெயரடையிலிருந்து காலத்தைப் பிடுங்கிவிட்டால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

எஸ்.ராமகிருஷ்ணன் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து மல்லாங்கிணற்றுக்காரர். அவருடைய ‘நெடுங்குருதி’ (2003) அப்படி முத்திரை குத்தப்பட்ட மனிதர்களின் ஊரான வேம்பலையைச் சொல்கிறது. வெயிலும் கனவும் பித்தும் கலந்த அந்த நடையை ‘மாந்திரீகம்’ என்றார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரிகிறது. சில பக்கங்களில் வெயில் ஒரு தெய்வம் மாதிரி, ஊரின் விதி மாதிரி ஆகிவிடுகிறது. விதியாகிவிட்ட வெயிலிடம் எப்போ, யார் என்று கேட்க முடியாது. ‘ஆரிதுஸ்’ வேறொரு வேஷத்தில் திரும்பி வருகிறது. ஆனால் வேம்பலையின் மனிதர்கள் பக்கம் நாவல் திரும்பும்போதெல்லாம் அந்த விதி கலைந்து, அடித்தவர்களும் அடிபட்டவர்களும் தெரிகிறார்கள். அந்தப் பக்கங்களுக்காகத்தான் நான் அந்த நாவலுக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன்.

5

விமர்சனம் எழுதுகிற, வாசிக்கிற நம் கூட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. இணைய இதழ்களில் வரும் மதிப்புரைகளை எடுத்துப் பாருங்கள். குறிப்பிடத்தக்க நாவல். தவிர்க்கமுடியாத குரல். மறக்கவியலாத பாத்திரம். கவனிக்கத்தக்க முயற்சி. எல்லாம் ‘-பிலிஸ்’ விகுதியின் தமிழ்ப் பேரப்பிள்ளைகள். குறிப்பிடத்தக்க என்றால் யார் குறிப்பிட்டது? நீங்களே குறிப்பிடுங்களேன். தவிர்க்கமுடியாத என்றால், தவிர்த்துப் பார்த்த யாராவது உண்டா? மறக்கவியலாத பாத்திரத்தின் பெயரை மதிப்புரை எழுதியவரிடம் ஆறு மாதம் கழித்துக் கேட்டால் தெரியும். ‘நான் மறக்கவில்லை, இந்த இடத்தினால்’ என்று எழுதினால் அதற்குப் பொறுப்பு ஏற்கவேண்டும். ‘-த்தக்க’ போட்டுவிட்டால் பொறுப்பு காற்றில் போய்விடும்.

தமிழ் இலக்கணம் இதற்கும் ஒரு குட்டு வைத்திருக்கிறது. ‘தக்க’ என்பதே தகு என்ற வினையின் பெயரெச்சம். ‘கூடிய’ என்பது கூடு என்ற வினையின் பெயரெச்சம். ‘அழகான’ என்பதில் உள்ள ‘ஆன’கூட ஆகு என்ற வினையிலிருந்துதான். நாம் விகுதி என்று நினைத்து ஒட்டுவதெல்லாம் தேய்ந்துபோன வினைகள். தமிழில் வினையிடமிருந்து தப்பித்து ஓடினாலும் இன்னொரு வினையின் மேல்தான் போய் விழவேண்டும்.

கரிசல் எழுத்தை நாம் வழக்கமாகப் போடும் பெட்டியின் பெயர் ரியலிசம், யதார்த்தவாதம். ‘ரியல்’ என்பது ‘ரேஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பொருள், சாமான் என்று அர்த்தம். விகுதி ஒட்டியதும் ‘பொருள் சார்ந்த’. திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணர், 1928-ல் எழுதிய தன் நூலுக்கு ‘உள்ளது நாற்பது’ என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்துக்குப் போனபோது அந்த ‘உள்ளது’ பலர் கையில் ‘ரியாலிட்டி’ ஆனது. உள் என்ற வினையடியில் பிறந்த சொல், சாமானிலிருந்து பிறந்த சொல்லுக்குள் போய் அடங்கியது. பிற்காலத்தில் சிலர் ‘எது இருக்கிறதோ அது’ என்ற பொருளில் மாற்றிப் பெயர்த்தார்கள். அவர் பேசிய தத்துவம் வேறு, நான் பேசிக்கொண்டிருக்கும் நாவல் வேறு. ஆனால் சொல்லைப் பொறுத்தவரை, இந்த எழுத்துக்கு யதார்த்தவாதத்தைவிட ‘உள்ளதைச் சொல்வது’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்தச் சொல்லில் நிலம் ஒரு சாமானாகக் கிடக்கவில்லை, அது இருந்துகொண்டிருக்கிறது.

பெயரெச்சம் வந்துவிட்டால் நேர்மையும் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ‘பின்தங்கிய’ என்பதும் பெயரெச்சம்தான், அதற்குள்ளும் பொய் இருக்கிறது. இலக்கணம் செய்யக்கூடியது ஒன்றுதான், கேள்விக்கு இடம் விட்டு வைப்பது. கேட்கவேண்டியது எழுதுகிறவரும் வாசிக்கிறவரும்.

அடுத்தமுறை ஒரு கதையில் வறண்ட ஊர், சபிக்கப்பட்ட நிலம், கைவிடப்பட்ட கிராமம் என்று வந்தால் அந்த அடைமொழியில் கொஞ்சம் நில்லுங்கள். வறண்டது எந்த வருஷம்? சபித்தது யார்? கைவிட்டது யார்? கதைக்குள் பதில் இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் அந்தச் சொல் அலங்காரத்துக்கு நிற்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஊர்கள் அந்த அலங்காரத்தை வேண்டிய மட்டும் சுமந்தாகிவிட்டது.